கோச்சுங்க ஏன் "மெதுவாப் போ"ன்னே சொல்றாங்க? டிரையத்லான் பழகுற நம்ம கொங்கு ஆளுங்களுக்கு

போன வருசம் தை மாசம் ஒரு ஞாயித்துக்கெழமை, வெடியால அஞ்சரை மணி இருக்கும், எங்க தோட்டத்துக்குப் பக்கத்து இட்டேரில கோச்சும் நானும் ஓடிட்டு இருந்தோம். பனி இன்னும் எறங்கீட்டுதான் இருந்துச்சு. நான் எப்பவும் ஓடற வேகம், கிலோமீட்டருக்கு அஞ்சரை நிமிசம். ஒரு கிலோமீட்டர் தாண்டியிருப்போம், அவர் பக்கத்துல வந்து "ஏனுங் தம்பி, நேத்து ராத்திரி ஊட்டுல என்ன சோறு, யாராரு சாப்பிட்டீங்க, முச்சூடும் சொல்லுங்க பாக்கலாம்"னாரு. நான் "அரிசியும்பருப்பு"ன்னு ஆரம்பிச்சு ஒரு மூச்சு வாங்கினேன், "கத்திரிக்கா"ன்னு சொல்லி இன்னொரு மூச்சு. அவர் நின்னுட்டாரு. "ஒரு வரி முழுசா பேச முடியல பாருங்க, இது ஈசி ரன் இல்லீங்க, ஆறு மாசத்துக்கு இந்த வேகத்த மறந்துருங்க"ன்னு சொன்னாரு.

அன்னைக்கு எனக்கு நெசமாவே வருத்தம். காசு குடுத்து கோச் வெச்சா வேகமா ஓடச் சொல்லுவாருன்னு பாத்தா நடக்கச் சொல்றாரேன்னு. அதுக்கப்பறம் கோயமுத்தூர், திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் டிரையத்லான் பழகுற பல பேர்கிட்ட பேசிப் பாத்துட்டேன், எல்லாருக்கும் அவங்கவங்க கோச் மொதல்ல சொன்னது இதேதான், எல்லாரும் மொதல்ல கேக்காம விட்டதும் இதேதான். அதனாலதான் இத எழுதறேன். கோச்சுங்க சொல்ற அறிவுரையெல்லாம் யூடியூப்ல கொட்டிக் கெடக்குது, ஆனா அது எதுக்குன்னு புரியலீன்னா ரெண்டு வாரத்துல பழைய பழக்கத்துக்கே போயிருவோம்.

புதுசா படிக்கறவங்களுக்கு ஒரே மூச்சுல சொல்லீர்றேன். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூணும் நடுவுல நிக்காம ஒட்டுக்காப் பண்றதுதான் டிரையத்லான். ஸ்பிரின்ட்னா 750 மீட்டர், 20 கிலோமீட்டர், 5 கிலோமீட்டர். ஒலிம்பிக் தூரம் இதுல ரெண்டு மடங்கு. ஹாஃப்னு சொல்றது 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 சைக்கிள், 21.1 ஓட்டம், மைல் கணக்குல கூட்டுனா 70.3 வருது, அதுக்கு 70.3ங்கற பேரு அதுலருந்து வந்ததுதான். ஃபுல் அயர்ன்மேன் அதுக்கு ரெண்டு மடங்கு, 226 கிலோமீட்டர். டிரையத்லான் 1974ல அமெரிக்காவுல சான் டியகோல 46 பேரோட ஆரம்பிச்சது, 1978ல ஹவாய்ல மொத அயர்ன்மேன் நடந்தப்ப 15 பேரு கெளம்பி 12 பேரு முடிச்சாங்க, 2000ல சிட்னில டிரையத்லான் ஒலிம்பிக்குக்கு வந்துருச்சு. நம்ம நாட்டுல 2019ல கோவால 70.3 வந்தப்பறந்தான் நம்மூர்ல இத்தனை பேரு இதுல எறங்குனாங்க.

சரி, மெதுவா போறதுக்கு வருவோம்.

நம்ம ஒடம்புல ரெண்டு வெறகு இருக்குது. ஒண்ணு மாவுச்சத்து, கிளைக்கோஜனா தசைலயும் ஈரல்லயும் இருக்கறது, மொத்தமா ஒரு 2,000 கலோரிக்குப் பக்கம்தான் தேறும். இன்னொண்ணு கொழுப்பு. ஒல்லியா இருக்கற 65 கிலோ ஆள் மேல கூட 50,000 கலோரிக்குக் கொறையாம இருக்குது. வேகமாப் போனா ஒடம்பு மாவுச்சத்தத்தான் எச்சா எரிக்கும், மெதுவாப் போனா கொழுப்ப எச்சா எரிக்கும். ஆறு மணி நேரம் ஏழு மணி நேரம் போற போட்டில 2,000 கலோரிய நம்பி எறங்கறது பெட்ரோல் ரிசர்வ்ல இருக்கறப்ப வால்பாறை ஏறப் போற மாதிரி. மெதுவா, ஆனா ரொம்ப நேரம், வாரா வாரம் விடாம பண்றப்ப தசைக்குள்ள மைட்டோகாண்ட்ரியா, அதாவது வெறக எரிச்சு சக்தியாக்கற குட்டி அடுப்புங்க, பெருகுது, தசையச் சுத்தி நுண்ணுன ரத்தக்கொழாய் புதுசா மொளைக்குது, இதயம் ஒரு தடவ அடிக்கறப்ப தள்ளுற ரத்தம் கூடுது. இது எல்லாம் சேந்துதான் கொஞ்ச மாசம் கழிச்சு அதே இதயத் துடிப்புல எச்சா வேகம் தருது. நானே கணக்கு எழுதி வெச்சிருக்கேன், தை மாசம் 138 துடிப்புக்குள்ள ஓடணும்னா கிலோமீட்டருக்கு ஏழரை நிமிசம் ஆச்சு, மேட்டுல நடந்தே ஆகணும். ஆடி மாசம் அதே 138ல ஆறு இருவதுக்கு வந்துட்டேன்.

138 எங்கிருந்து வந்துச்சுன்னா, ஃபில் மாஃபெடோன்னு ஒரு அமெரிக்கரு சொன்ன கணக்கு, 180ல உங்க வயசக் கழிச்சா வர்ற துடிப்பத் தாண்டாதீங்கன்னு. எனக்கு அப்ப 42 வயசு. அவர்கிட்ட பழகுன மார்க் ஆலன் 1989ல இருந்து ஹவாய் அயர்ன்மேன 6 தடவ ஜெயிச்சாரு. இந்தக் கணக்கு எல்லாருக்கும் அப்படியே பொருந்தாது, ஒரே வயசுல ரெண்டு பேருக்கு இதயம் வேற வேற மாதிரி அடிக்கும். அதனால எங்க கோச் பேச்சு சோதனையத்தான் நம்பறாரு, முழு வரி பேச முடிஞ்சா சரி, முடியலீன்னா கொறைங்க. வாட்ச் இல்லாதவங்களுக்கும் இது போதும்.

இதுக்கு முன்னாடியே நியூசிலாந்துல ஆர்தர் லிடியார்டுன்னு ஒருத்தர், ஷூ பேக்டரில வேலை பாத்தவரு, தன்னோட ஆளுங்கள வாரம் 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர், மூச்சு எரைக்காம ஓட விட்டு அடித்தளம் போட்டு அப்பறந்தான் வேகத்துக்கு எடுத்தாரு. 800 மீட்டர் ஓடறவனுக்கு எதுக்கு இம்புட்டுத் தூரம்னு கேட்டிருப்பாங்க. 1960 ரோம் ஒலிம்பிக்ல அவர் ஆளுங்க பீட்டர் ஸ்னெல் 800 மீட்டர்லயும் மர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டர்லயும் ஒரே நாள்ல தங்கம் வாங்குனாங்க. பின்னாடி ஸ்டீபன் சைலர்னு நார்வேல இருக்கற ஆராய்ச்சியாளரு படகு, பனிச்சறுக்கு, சைக்கிள்னு உலகத்தரமான வீரருங்க நெசமா எப்படிப் பழகறாங்கன்னு பாத்தப்ப, பத்துல எட்டுப் பயிற்சி லேசாத்தான் இருக்குது, ரெண்டுதான் கடுசு. இதத்தான் இப்ப எல்லா கோச்சும் எண்பது இருவதுன்னு சொல்றாங்க. டோக்கியோ ஒலிம்பிக்ல தங்கம் வாங்குன கிறிஸ்டியன் ப்ளூமென்ஃபெல்ட் மாதிரி நார்வேக்காரங்க கடுசான பயிற்சியக்கூட நடுநடுவுல ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, கடுசா ஒழைக்க ஒழைக்க ரத்தத்துல ஏறுற லாக்டேட்ட அளந்து, இதுக்கு மேல போகாதேன்னு புடிச்சு நிறுத்தறாங்க.

நாம பண்ற தப்பு எதுன்னா நடுவால மாட்டிக்கறது. லேசாவும் இல்ல கடுசாவும் இல்ல, அன்னாடும் மூச்சு வாங்கற அளவுக்கு, ஆனா முழு மூச்சும் இல்லாம ஓடறது. அதுல களைப்பு முழுசா வருது, பலன் பாதிதான் வருது, மறுநாள் நெசமாலுமே கடுசாப் பண்ண வேண்டிய அன்னைக்கு கால்ல தெம்பு இருக்காது. இதுக்குக் காரணம் நம்ம மனசுன்னு நான் நெனைக்கறேன். நம்ம பக்கம் "பாடுபடறது"ங்கறது பெரிய வார்த்தை. தோட்டத்துல, தறில, பனியன் கம்பெனில, பட்டறைல, ஒடம்பு நோகலீன்னா வேலையே செய்யலீங்கற மாதிரிதான் வளந்திருக்கோம். வேர்க்காம ஊட்டுக்கு வந்தா குத்த உணர்ச்சி வருது. ஆனா இதே ஊர்ல நம்ம அப்பாரு காலத்துல ஏர் ஓட்டுனவங்க வெடியால மொத சால்லயே மாட்ட வெரட்ட மாட்டாங்க, மத்தியானம் வரைக்கும் அது இழுக்கணுமில்லீங்களா.

பழனிக்குப் பாதயாத்திரை போனவங்களுக்கு இது இன்னும் சுளுவாப் புரியும். தைப்பூசத்துக்கு ஈரோட்டுப் பக்கமிருந்து காங்கயம், தாராபுரம்னு நடக்கற கூட்டத்துல மொத நாள் வேகமாப் போற எளவட்டப் பசங்கள கவனிச்சுப் பாருங்க, ரெண்டாம் நாள் மத்தியானம் ரோட்டோரம் பந்தல்ல கால் கொப்புளத்துக்கு மருந்து போட்டுட்டு உக்காந்திருப்பாங்க, அறுவது வயசு ஆத்தாங்க மெல்லப் பேசீட்டே அவங்களத் தாண்டிப் போவாங்க. அந்த ஆத்தாங்க பேசீட்டே நடக்கறாங்க பாருங்க, அந்த வேகந்தான்.

இனி நீச்சல். நம்மூர்ல பெரும்பாலும் ஆளுங்க மாட்டிக்கறது இதுலதான், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

என்னைய மாதிரி தோட்டத்துல வளந்தவங்களுக்கு நீச்சல் கெணத்துலதான். முதுகுல சொரக்குடுக்கை, இல்லீன்னா பிளாஸ்டிக் கேன் கட்டி அப்புச்சி மேலருந்து தூக்கிப் போட்டுருவாரு, ரெண்டு கோடை லீவுல நீச்சல் வந்துரும். அந்தக் கெணறு ரெண்டு நல்லது குடுத்திருக்குது, ஆழத்தப் பாத்துப் பயமில்ல, தண்ணில மெதக்கத் தெரியும். ஆனா 1.9 கிலோமீட்டர் போறதுக்கு அந்த நீச்சல் ஆகாது. தலையத் தூக்கி வெச்சுட்டு கையால அடிச்சுப் போவோம், தலை மேல போனா இடுப்பும் காலும் கீழ எறங்கும், ஒடம்பு தண்ணிக்குள்ள சாய்வா நிக்கும், ஒரு பலகையக் குறுக்கால வெச்சு இழுக்கற மாதிரிதான். தண்ணி காத்தை விட 800 மடங்கு அடர்த்தி. அதுல பலத்தக் காட்டி ஜெயிக்க முடியாது, வேகத்த ரெண்டு மடங்காக்கப் பாத்தா எதுப்பு நாலு மடங்காகுது. அதனாலதான் ஓட்டத்துல நல்லாருக்கற ஆள்கூட நீச்சல் குளத்துல 50 மீட்டர்ல மூச்சு முட்டி நின்னுக்கறாரு, அவருக்கு தம் இல்லாம இல்ல, தண்ணில ஒடம்பு கெடக்கற விதம் சரியில்ல.

அதனால நல்ல கோச் யாரும் மொத ரெண்டு மாசம் தூரம் நீந்த விட மாட்டாங்க. தலையத் தண்ணிக்குள்ள வெச்சு நேரா கீழ தரையப் பாக்கச் சொல்லுவாங்க, மூச்ச தண்ணிக்குள்ளயே விடச் சொல்லுவாங்க. இந்த ரெண்டாவது விசயம் ரொம்ப முக்கியம். கெணத்துல நாம மூச்ச அடக்கித்தான் பழகியிருக்கோம். அடக்குன மூச்ச வெளிய விடாம மேல வந்து புதுசா இழுக்கப் பாத்தா உள்ள எடமிருக்காது, அந்தத் திணறல்தான் பயமா மாறுது. புர்ருன்னு கொமிழி விட்டுட்டே போய், தலைய இடுப்போட சேத்துத் திருப்பி ஒரு மூச்சு எடுக்கணும். கால லேசா ஆட்டுனா போதும், அத அடிச்சுக் களைச்சுட்டா பின்னாடி 90 கிலோமீட்டர் பெடல் போடறது யாரு? 25 மீட்டர் குளத்துல இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போக எத்தனை கை போட்டீங்கன்னு எண்ணுங்க. எனக்கு மொதல்ல 30, இப்ப 21. ஞாயித்துக்கெழமை ஒட்டுக்கா ரெண்டு மணி நேரம் கெடக்கறத விட வாரம் மூணு நாள் அரை மணி நேரம் போறதுதான் நல்லது, ஏன்னா இது பலம் ஏத்தற வேலை இல்ல, கைக்கும் மூளைக்கும் பழக்கம் பண்ற வேலை, தட்டச்சு பழகற மாதிரி.

குளத்துல நீந்தறவங்களுக்கு கடல்ல இன்னொரு சிக்கல், கீழ கோடு இருக்காது. ஆறேழு கைக்கு ஒருக்கா கண்ண மட்டும் மொதலை மாதிரி மேல தூக்கி மெதவையப் பாத்துட்டு மறுபடி முகத்த எறக்கணும், இத குளத்துலயே பழகலாம். இதுக்காக வாய்க்காலுக்கோ அணைக்கோ தனியாப் போயிராதீங்க. கீழ்பவானி வாய்க்காலும் பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியார்) வாய்க்காலும் மேல அமைதியாத் தெரியும், உள்ள இழுவை வேற, கரை சரிவு, புடிச்சு ஏற முடியாது. அணைல எறங்கறதுக்கு அனுமதியும் இல்ல. பழக்கமான கெணத்துலயோ குளத்துலயோகூட மேல ஒருத்தரு நின்னாத்தான் எறங்கணும், இடுப்புல கட்டற ஆரஞ்சுக் கலர் மெதவை ஒண்ணு வாங்கிக்கோங்க. டிரையத்லான்ல நடந்திருக்கற உயிரிழப்புல பெரும்பகுதி நீச்சல்லதான். நாப்பது தாண்டுனவங்க, சக்கரை, பிரஷர் இருக்கறவங்க பயிற்சி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இதய டாக்டரப் பாத்து ஈசிஜி, டிரெட்மில் டெஸ்ட் எடுத்துட்டு வரச் சொல்லி எங்க கோச் கட்டாயப்படுத்தறாரு, ரிப்போர்ட் இல்லாம சேக்கறதில்ல. இது ரொம்பச் சரின்னு நெனைக்கறேன்.

சைக்கிளுக்கு நம்மள மாதிரி குடுத்து வெச்சவங்க கம்மி. ஒரு பக்கம் வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி, இன்னொரு பக்கம் திம்பத்துக்கு 27, கொல்லிமலைக்கு 70, நடுவுல சமதரை ரோடு. ஆனா என்னைக் கேட்டா நம்ம பக்கத்துல பெரிய கோச் பாலக்காட்டுக் கணவாக் காத்துதான். வைகாசி கடைசில இருந்து ஆவணி வரைக்கும் அந்தக் கணவா வழியா மேக்கால இருந்து வர்ற காத்து பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம்னு அடிச்சுத் தள்ளும், காத்தாலைய அங்க நட்டு வெச்சிருக்கறது சும்மா இல்லீங்க. அந்த மாசத்துல உடுமலைல இருந்து பொள்ளாச்சி பாத்துப் போனா மீட்டர்ல 19ன்னு காட்டும், மனசு ஒடிஞ்சுரும், திரும்பி வர்றப்ப அதே தெம்புக்கு 38 காட்டும். இதுலதான் பாடம். சமதரைல காத்தத் தள்ளறதுக்கு வேணுங்கற சக்தி வேகத்த மூணு தடவ பெருக்குன கணக்குல கூடுது, 25ல போறவரு 30க்குப் போகணும்னா காத்துக்கு மட்டும் எழுவது சதவீதம் எச்சா பலம் போடணும். எதுக்காத்துல வழக்கமான வேகத்தப் புடிச்சே தீருவேன்னு நின்னா கால்ல இருக்கற கிளைக்கோஜன் வெகு சீக்கிரமாக் கரைய ஆரம்பிச்சுரும். அதனால வேகத்தப் பாக்காதீங்க, மூச்சையும் இதயத் துடிப்பையும் பாருங்க, பெடல் போடற பலத்த அளக்கற பவர் மீட்டர் இருந்தா எத்தனை வாட்ஸ்னு பாருங்கன்னு கோச்சுங்க சொல்றாங்க. ஒரு மணி நேரம் முழு மூச்சா புடிக்கக்கூடிய சக்தி 200 வாட்ஸ்னா, ஹாஃப் போட்டில 140ல இருந்து 160க்குள்ள நிக்கணும், மேடோ பள்ளமோ எதுக்காத்தோ. மொத முப்பது கிலோமீட்டர்ல எல்லாரும் நம்மளத் தாண்டிப் போவாங்க. போகட்டும்.

இன்னொரு சின்ன விசயம், காத்து மாசத்துல எப்பவும் போறப்ப எதுக்காத்து, வர்றப்ப பின்காத்துன்னு வழி புடிங்க. மாத்திப் போனா களைச்ச கால்லயும் காலியான பாட்டில்லயும் காத்தோட சண்டை போட்டுட்டு ஊடு வந்து சேரணும். பெடல நிமிசத்துக்கு 80ல இருந்து 90 சுத்துக்குள்ள வெச்சா முட்டிக்கு நல்லது. ரோட்டப் பத்தி எச்சா சொல்ல வேண்டியதில்ல, அவினாசி ரோட்டுல வண்டி எப்படிப் போகும்னு எல்லாருக்கும் தெரியும், வெடியக்காலம் அஞ்சு மணிக்கே கெளம்பி எட்டுக்குள்ள முடிச்சுருங்க, முன்னாடி பின்னாடி லைட், ஹெல்மெட். திம்பம் புலிகள் காப்பகத்துக்குள்ள வர்ற ரோடு, இருட்டோட அந்தப் பக்கம் போகவே போகாதீங்க.

சைக்கிள விட்டு எறங்கி ஒடனே ஓடுனவங்களுக்குத் தெரியும், கால் நம்முளுது மாதிரியே இருக்காது. ரெண்டு மூணு மணி நேரம் குனிஞ்சு சுத்தீட்டு இருந்த தசைக்கு திடீர்னு நிமுந்து தரைய ஒதைக்கச் சொன்னா நரம்புக்கு அந்தத் தாளம் மாற நேரமாகுது. இதுக்குத்தான் பிரிக்னு ஒரு பயிற்சி, சைக்கிள் முடிஞ்ச கையோட ஓடறது. நம்மாளுங்க மூணு மணி நேரம் சைக்கிள், அப்பறம் ஒரு மணி நேரம் ஓட்டம்னு போட்டு ஒடம்பக் கெடுத்துக்கறாங்க. பதினஞ்சு நிமிசம் போதுமுங்க, அந்த மாறுற நேரத்தப் பழகறதுக்குத்தான் அது. அப்படியே ஷூ மாத்தறது, எலாஸ்டிக் லேஸ், போட்டி நம்பர இடுப்புல மாட்டற பெல்ட் எல்லாத்தையும் ஊட்டு வாசல்லயே பழகிக்கலாம். ஹெல்மெட் வார மாட்டாம சைக்கிள எடுத்தா தண்டனை, அதனால ஹெல்மெட் மாட்டறதுதான் மொத வேலைன்னு கைக்கு மனப்பாடம் ஆகோணும்.

சாப்பாடும் தண்ணியும். இத நாலாவது ஆட்டம்னு சொல்ற கோச்சுங்க இருக்காங்க, நானும் ஒத்துக்கறேன், ஏன்னா நான் மொத தடவ கோவால திணறுனது கால்னால இல்ல, வயித்துனால. போட்டிக்கு மொத நாள் புதுசா வாங்குன மாவுச்சத்து ஜெல் பாக்கெட்ட சைக்கிள்ல மூணு சாப்ட்டுட்டேன், பழக்கமே இல்லாதது, ஓட்டத்துல நாலாவது கிலோமீட்டர்ல இருந்து வயிறு பெரட்டி நடந்தே முடிச்சேன். தப்பு முழுசா என்னுதுதான். போட்டி நாள்ல புதுசா எதையும் வாய்ல வெக்காதீங்கன்னு கோச் மூணு தடவ சொல்லியிருந்தாரு.

ஒரு மணி நேரத்துக்கு 60 கிராம் மாவுச்சத்து, நல்லாப் பழகுன வயித்துக்கு 90 வரைக்கும், இதான் இப்ப பொதுவாச் சொல்ற அளவு. வயிறும் ஒரு தசை மாதிரிதான், 30ல ஆரம்பிச்சு வாராவாரம் ஏத்திப் பழக்கோணும். இதுல நம்மூர்ச் சரக்கு ரொம்ப ஒதவும். கவுந்தப்பாடி நாட்டுச்சக்கரை, பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகுதே, அதுவேதான், அதுல பெரும்பகுதி சுக்ரோஸ், வயித்துக்குள்ள போனதும் பாதி குளுக்கோஸ் பாதி ஃபிரக்டோஸாப் பிரியும். ரெண்டும் குடல்ல வேற வேற வாசல் வழியா உள்ள போறதுனால ஒரே சக்கரையக் குடிக்கறத விட எச்சாச் சேருது. விலை ஒசந்த டிரிங்க் பவுடர்லயும் இந்தக் கலவைதான் பண்ணீட்டு இருக்காங்க. ஒரு லிட்டர் தண்ணிக்கு 60 கிராம் நாட்டுச்சக்கரை, கால் டீஸ்பூன் உப்பு, அரை எலுமிச்சம்பழம், நல்லா வடிகட்டி பாட்டில்ல ஊத்திக்கோங்க. நான் ஒரு வருசமா இதத்தான் குடிக்கறேன். பஞ்சாமிர்தத்தையே சின்ன பாக்கெட்டுல போட்டு எடுத்துட்டுப் போறவங்களும் இருக்காங்க, நீண்ட ரைடுக்கு நல்லாத்தான் இருக்கும், நெய் இருக்கறதுனால செரிக்க நேரமாகும், ஓட்டத்தப்ப வேண்டாம். எளநி நல்லதுதான், ஆனா அதுல பொட்டாசியம் எச்சா, சோடியம் கம்மி, வேர்வைல போறது சோடியம், அதனால எளநில ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குடிங்க. மொத நாள் ராத்திரிக்கு அரிசியும்பருப்பு சோறு மாதிரி ஒண்ணு கெடையாது, காரம் கம்மியா.

எவ்வளவு தண்ணிங்கறத ஊட்டுலயே அளக்கலாம். ரெண்டு மணி நேரம் சைக்கிளுக்கு முன்னாடி துணி இல்லாம எடை பாத்தா 68 கிலோ, வந்து பாத்தா 66.4, நடுவுல ஒரு லிட்டர் குடிச்சிருந்தா போன வேர்வை 2.6 லிட்டர், மணிக்கு 1.3. இதுல முழுசையும் திருப்பிக் குடிக்க வயிறு எடம் குடுக்காது, மணிக்கு அரை லிட்டர்ல இருந்து முக்கா லிட்டர் போனா சரி. வெறுந்தண்ணிய லிட்டர் கணக்குல குடிக்கறதும் ஆபத்து, ரத்தத்துல சோடியம் எறங்கி தலைசுத்தல், வாந்தி, அதுக்கும் மேல உசுருக்கே ஆபத்துங்கற வரைக்கும் போகும்.

இதுல கோயமுத்தூர்க்காரங்க ஒண்ண கவனிக்கோணும். நம்மூரு மலையடிவாரம், காத்தோட்டம், வேர்வை சட்டுனு காயும், ஒடம்பு குளுந்துரும். கோவா, சென்னை மாதிரி கடலோரத்துல காத்துல ஏற்கனவே ஈரம், வேர்வை காயாம சொட்டும், சொட்டுற வேர்வை ஒடம்பக் குளுத்தாது. இங்க 140 துடிப்புல போற வேகம் அங்க 155ல நிக்கும். பத்துப் பதினாலு நாள் வெய்யில்ல மெதுவாப் பழகுனா ரத்தத்துல நீர்ப்பகுதி கூடி ஒடம்பு சமாளிக்கப் பழகிக்கும். அதனால போட்டிக்கு மூணு வாரம் முன்னாடி இருந்து வெடியக்காலத்த விட்டுட்டு ஒம்போது மணி வெய்யில்ல லேசான ஓட்டம் போடச் சொல்றாங்க, ஈரோடு, கரூர் ஆளுங்களுக்கு இதுக்குத் தனியா மெனக்கெட வேண்டியதே இல்ல.

எவ்வளவு நேரம் வேணும்னு எல்லாரும் கேக்கறாங்க. ஹாஃப் முடிக்கறதுக்கு வாரம் எட்டுல இருந்து பத்து மணி நேரம், ஆறு மாசம் விடாமப் பண்ணுனா பெரும்பாலானவங்களுக்குப் போதும். மூணு வாரம் ஏத்தி நாலாவது வாரம் பாதியாக் கொறைக்கறது, போட்டிக்கு முன்னாடி ரெண்டு வாரம் நல்லாக் கொறைக்கறது, இந்த எறக்கத்த யாரும் விரும்பறதில்ல, ஆனா ஒடம்பு தேறுறது பயிற்சி நேரத்துல இல்ல, தூக்கத்துல. நைட் ஷிப்ட் முடிச்சுட்டு நேரா ஓட வர்ற மில்லுப் பசங்கள எங்க கோச் திருப்பித் தாட்டி விட்டுருவாரு, "தூங்கிட்டு பொழுதோட வா கண்ணு"ன்னு. வாரம் ரெண்டு நாள் அரை மணி நேரம் பளு தூக்கறதும் நாப்பது வயசுக்கு மேல கட்டாயம்.

பொம்பளைங்களுக்கு கோச்சுங்க சொல்றதுல ரெண்டு விசயத்த ஆம்பளைங்களும் தெரிஞ்சுக்கோணும். ஓடற பெண்கள்ல இரும்புச்சத்துக் கொறைவு ரொம்ப சகஜம், தொடர்ந்து களைப்புன்னா சோம்பல்னு சொல்லாம ரத்தத்துல ஃபெரிட்டின், அதாவது ஒடம்புல இரும்புச்சத்து எவ்வளவு சேந்திருக்குதுன்னு காட்டறது, பாக்கோணும். பயிற்சி எச்சாகி மாசவிலக்கு நின்னு போனா அது ஒடம்பு சரியான வழில போகுதுன்னு அர்த்தமில்ல, சாப்பாடு பத்தலீங்கறதுக்கு அடையாளம், எலும்பு வரைக்கும் பாதிக்கும், ஒலிம்பிக் கமிட்டியே 2014ல இதப் பத்தி எச்சரிக்கை குடுத்திருக்குது. இன்னொண்ணு குளத்துல லேடீஸ் பேட்ச்ச பல எடத்துல மத்தியானத்துல போடறாங்க, வேலைக்குப் போற பொண்ணுங்க எப்படி வருவாங்க? வெடியால ஆறு மணிக்கு ஒரு பேட்ச் குடுத்தா இதுல எறங்கறதுக்கு எத்தனையோ பேரு தயாரா இருக்காங்க, எனக்கு நேராவே தெரியும்.

கோச் எப்படித் தேடறதுன்னு கேக்கறவங்களுக்கு நான் பாத்தத மட்டும் சொல்றேன். மொத நாளே அட்டவணைய வாட்ஸப்புல அனுப்புறவரு எல்லாருக்கும் அதையேதான் அனுப்பறாரு. எங்க கோச் என்கிட்ட மொத நாள் ஒரு மணி நேரம் பேசுனாரு. எத்தனை மணிக்குப் படுப்பீங்க, ராத்திரி எந்திரிப்பீங்களா, கம்பெனில நின்னுட்டு வேலையா உக்காந்துட்டு வேலையா, ஊட்டுல யாருக்காவது நெஞ்சு வலி வந்திருக்குதா, முன்னாடி எங்க அடிபட்டிருக்குது, பசங்க பள்ளிக்கொடத்துக்கு எத்தனை மணிக்குக் கெளம்புவாங்க, ஊட்டம்மா இதுக்குச் சம்மதிச்சாங்களான்னு எல்லாம் கேட்டு ஒரு நோட்டுல எழுதிக்கிட்டாரு. சைக்கிள் என்ன மாடல்னு அவர் கேட்டது ரெண்டு வாரம் கழிச்சு.